இடது கீழ் மூலையில் ஒரு பெட்டி: காமிக்ஸ் இதழ்களின் நியூஸ்ஸ்டாண்ட், டைரக்ட் பதிப்புகளைப் பட்டியலிடுவது எப்படி?

'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' 252-ஆவது இதழ் 1984 மே மாதத் தேதியிட்டது. ஸ்பைடர்-மேன் கறுப்பு உடையில் அட்டையில் தோன்றும் அந்த இதழை அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். அதன் மூன்று பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஓவியமும் கதையும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு இரண்டே இடங்களில்தான்: விலை அச்சிட்ட கட்டத்தில் ஒன்று, இடது கீழ் மூலையில் உள்ள சிறு பெட்டியில் இன்னொன்று. முதல் பிரதியின் பெட்டியில் பார்கோடு இருக்கிறது. விலை 60 சென்ட். இரண்டாவது பிரதியில் பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பைடர்-மேனின் முகம் இருக்கிறது. விலைக் கட்டத்தில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று மூன்று நாட்டு விலைகளும் இருக்கின்றன. மூன்றாவதில் மறுபடியும் பார்கோடு, ஆனால் விலை 75 சென்ட்.

முதலாவது, பத்திரிகைக் கடைகளுக்குப் போன அமெரிக்க நியூஸ்ஸ்டாண்ட் பதிப்பு. இரண்டாவது, விற்காவிட்டாலும் திருப்ப முடியாத நிபந்தனையில் விற்ற டைரக்ட் பதிப்பு. மூன்றாவது, கனடாவின் பத்திரிகைக் கடைகளுக்காகத் தனியாக விலை மாற்றி அச்சிட்டது. தன் தொகுப்பைப் பட்டியலிட உட்காரும் ஒருவர் இம்மூன்றையும் 'ஸ்பைடர்-மேன் 252, மூன்று பிரதிகள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், ஒவ்வொரு பிரதியும் யார் கைக்கு எந்த வழியாகப் போக அச்சானது என்ற செய்தி அந்த வரியிலேயே தொலைந்துபோகும். அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது, எப்படி எழுதி வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விற்காவிட்டால் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு

அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் 1930-களிலிருந்தே பத்திரிகைகள் விற்கும் இடங்களில்தான் விற்றன. தெருமுனைப் பத்திரிகைக் கடை, மருந்துக் கடை, மளிகைக் கடை, பஸ் நிலையம். கடை வாசலில் சுழலும் கம்பி ஸ்டாண்டு ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்துப் பார்ப்பார்கள். பதிப்பகம் இதழை ஒரு தேசிய விநியோக நிறுவனத்துக்குக் கொடுக்கும். அது வட்டார மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும். அவர்கள் வேன்களில் ஏற்றிக் கடை கடையாகப் போடுவார்கள்.

இந்த வழியின் உயிர்நாடி, விற்காத பிரதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. கடைக்காரருக்கு நட்டம் கிடையாது. மொத்த வியாபாரிக்கும் கிடையாது. நட்டம் முழுவதும் பதிப்பகத்தின் தலையில். விற்பனை எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டித் தெரியாததால் விற்பதைவிட மிக அதிகமாக அச்சிட வேண்டியிருந்தது. விற்காத இதழ்களை முழுசாகத் திருப்பி அனுப்பினால் லாரி வாடகைக்கே கட்டுப்படியாகாது. எனவே தலைப்பு அச்சிட்ட அட்டையின் மேல்பகுதியை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும் என்று ஆயிற்று. மேல்பட்டை கிழிந்த பழைய காமிக்ஸ் இன்றும் கண்ணில் படுவதற்கு அதுதான் காரணம். கூழாக வேண்டிய பிரதிகளில் சில கைமாறித் தப்பி வந்திருக்கின்றன. பின்னர் கிழித்து அனுப்புவதும் நின்று, 'இத்தனை பிரதிகள் விற்கவில்லை, அழித்துவிட்டோம்' என்று மொத்த வியாபாரி கையெழுத்திட்டுக் கொடுத்தாலே போதும் என்ற நிலை வந்தது. அதில் நடந்த மோசடியைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை. அழித்ததாகக் கணக்கில் காட்டிய கட்டுகள் பின்வாசல் வழியாகப் பழைய காமிக்ஸ் வியாபாரிகளிடம் போயின.

அட்டையில் அச்சான மாதமும் இந்த ஏற்பாட்டின் பிள்ளைதான். அந்த மாதம், இதழ் கடைக்கு வந்த மாதத்தைக் குறிப்பதில்லை. ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட வேண்டிய காலத்தைக் கடைக்காரருக்குக் காட்டுவது. மே மாதத் தேதியிட்ட இதழ் அதற்குச் சில மாதங்கள் முன்பே விற்பனைக்கு வந்திருக்கும். பட்டியலில் 'அட்டைத் தேதி' என்று எழுதுங்கள். 'வெளியான தேதி' என்று எழுதினால் பிழையாகிவிடும்.

புரூக்ளின் ஆசிரியர் கொண்டுவந்த வழி

ஃபில் சூலிங் புரூக்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நியூயார்க்கில் பெரிய காமிக்ஸ் மாநாடுகளை நடத்தியவர். பழைய காமிக்ஸ் விற்கும் சிறப்புக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த 1970-களின் தொடக்கத்தில், அவர் பதிப்பகங்களிடம் நேரடியாகப் போய் ஒரு யோசனை சொன்னார். எங்களுக்கு வேண்டிய பிரதிகளை முன்கூட்டியே எண்ணிச் சொல்கிறோம், திருப்பித் தர மாட்டோம். அதற்குப் பதிலாக அதிகத் தள்ளுபடி கொடுங்கள். 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ஜவுளிக் கடை ரசீதில் அச்சிட்டிருப்பார்களே, அதே ஒப்பந்தம். சூலிங் தொடங்கிய விநியோக நிறுவனம் சீ கேட். இப்படிப் பிறந்த விற்பனை வழிக்குத்தான் டைரக்ட் மார்க்கெட் என்று பெயர்.

பதிப்பகங்களுக்கு இதில் உடனே ஒரு தலைவலி வந்தது. ஒரே இதழ் இரண்டு விலையில் வெளியே போகிறது: திருப்பக்கூடிய பிரதி ஒரு விலை, திருப்ப முடியாத பிரதி அதைவிட மலிவு. மலிவாக வாங்கியதை மற்ற வழியில் 'விற்கவில்லை' என்று கணக்குக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிவிட்டால்? பிரதியைப் பார்த்தவுடன் எது எந்த வழி என்று தெரிய வேண்டும். அட்டையில் ஓர் அடையாளம் தேவைப்பட்டது அதனால்தான். அது கணக்குப்பிள்ளைக்காக வைத்த குறி. சேகரிப்பாளர்கள் அதைக் கவனிக்கத் தொடங்கியது வெகு காலம் கழித்து. பட்டியலிடுபவர் மனத்தில் இருத்த வேண்டிய அடிப்படை இது. அந்தக் குறி காட்டுவது விற்பனை நிபந்தனையை. பிரதி எந்தக் கடையில் விற்றது என்பதை அது காட்டாது.

இதை விளக்க விட்மன் பிரதிகளைவிட நல்ல சான்று இல்லை. வெஸ்டர்ன் பப்ளிஷிங் என்ற நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் மார்வெல், டிசி என்ற இரு பெரிய பதிப்பகங்களின் இதழ்களைத் திருப்ப முடியாத நிபந்தனையில் மொத்தமாக வாங்கியது. பிளாஸ்டிக் பையில் மூன்று மூன்றாகப் போட்டுப் பல்பொருள் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் விட்மன் என்ற பெயரில் விற்றது. அந்த டிசி இதழ்கள் பலவற்றில் டிசி சின்னத்துக்குப் பதிலாக விட்மன் பெயரே அச்சாகியிருக்கும். மார்வெல் இதழ்களிலோ தனிப் பெயர் ஏதும் இல்லை. காமிக்ஸ் கடைகளுக்குப் போன பிரதிகளில் இருந்த அதே குறிதான். ஆகவே 1978-ஆம் ஆண்டு மார்வெல் இதழ் ஒன்றில் அந்தக் குறி இருப்பதை மட்டும் வைத்து, 'காமிக்ஸ் கடையில் விற்றது' என்றோ 'விட்மன் பையிலிருந்து வந்தது' என்றோ முடிவு கட்ட முடியாது. 'திருப்ப முடியாத பிரதி' என்பது வரைதான் உறுதி.

பெட்டியைப் படிப்பது

'பார்கோடு இருந்தால் நியூஸ்ஸ்டாண்ட், படம் இருந்தால் டைரக்ட்' என்று ஒரு சூத்திரம் சேகரிப்பாளர்களிடையே உலவுகிறது. 1980-களுக்கு அது பொருந்தும். அதை எல்லாக் காலத்துக்கும் நீட்டினால் பட்டியல் முழுக்கப் பிழை மலியும். காலத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

பார்கோடு முதன்முதலில் கடையில் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் மீது. மார்வெல், டிசி அட்டைகளில் அது 1976-இல் வந்தது. அதற்கு முந்தைய இதழ்களில் இந்தப் பிரிவினைக்கே இடமில்லை. ஒரே அட்டைதான், எந்த வழியில் போனாலும். 1972-ஆம் ஆண்டு இதழ் ஒன்றைப் 'பார்கோடு இல்லாத டைரக்ட் பதிப்பு' என்று விற்க முன்வருபவரிடம் வாங்க வேண்டாம்.

1977-இலிருந்து மார்வெலின் திருப்ப முடியாத பிரதிகளில் இரண்டு மாற்றங்கள் தெரிகின்றன. மேல் இடது மூலையில் விலையும் இதழ் எண்ணும் ஒரு பெரிய வைரக் கட்டத்துக்குள் போயின. சேகரிப்பாளர்கள் இதைக் 'கொழுத்த வைரம்' என்றே அழைக்கிறார்கள். கீழே பார்கோடு பெட்டி சிலவற்றில் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் பார்கோட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கும். 1979-இல் மார்வெல் டைரக்ட் விற்பனையை முழு மூச்சாக எடுத்துக்கொண்டது. வைரம் மெலிந்தது. சிறிது காலத்தில் வெற்றுப் பெட்டிக்குள் ஸ்பைடர்-மேன் முகம் குடியேறியது; 'எக்ஸ்-மென்' இதழானாலும் 'தோர்' இதழானாலும் அங்கே ஸ்பைடர்-மேன்தான். டிசி 1980-இல் இதைப் பின்பற்றியது. அதன் பெட்டிகளில் நிறுவனச் சின்னமோ சிறு விளம்பர வாசகமோ இருக்கும்.

இந்தக் காலத்தில்தான் ஒரு வழிக்கு மட்டுமே உரிய இதழ்களும் வந்தன. 1981 மார்ச் தேதியிட்ட 'டாஸ்லர்' முதல் இதழை மார்வெல் காமிக்ஸ் கடைகளுக்கு மட்டுமே கொடுத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளுக்கு ஆர்டர் வந்தது. அடுத்த ஆண்டே 'மூன் நைட்', 'மைக்ரோநாட்ஸ்', 'கா-ஸார்' மூன்றையும் கடை வழிக்கு மட்டும் மாற்றினார்கள். டிசி 1984-இல் இன்னொரு முறையைச் செய்து பார்த்தது. 'நியூ டீன் டைட்டன்ஸ்', 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' தொடர்களை உயர்ந்த தாளில் கடைகளுக்கு முதலில் கொடுத்து, ஓராண்டு கழித்து அதே கதைகளைச் சாதாரணத் தாளில் வேறு தலைப்பின் கீழ் பத்திரிகைக் கடைகளுக்கு அனுப்பியது. அங்கே விற்பனை வழி மாறியதால் தொடரே இரண்டாகிறது. பட்டியலில் ஒரு பதிவின் கிளையாக எழுதாமல் தனித் தொடராகவே எழுத வேண்டும்.

சூத்திரம் தலைகீழாவது 1993 வாக்கில். காமிக்ஸ் கடைகளும் கம்ப்யூட்டர் பில் போடத் தொடங்கியதால் டைரக்ட் பதிப்புக்கும் பார்கோடு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் மார்வெல் என்றால் 'டைரக்ட் எடிஷன்' என்றும், டிசி என்றால் 'டைரக்ட் சேல்ஸ்' என்றும் சிறு எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து கண்ணில் படாவிட்டால் பார்கோட்டின் வலப்புறம் ஒட்டி நிற்கும் குட்டிப் பார்கோட்டைப் பாருங்கள். நியூஸ்ஸ்டாண்ட் பதிப்பில் அதன் மேல் இரண்டு இலக்கங்கள் இருக்கும். டைரக்ட் பதிப்பில் ஐந்து. ஐந்தில் முதல் மூன்று இதழ் எண், நான்காவது எந்த அட்டை என்பது, ஐந்தாவது எத்தனையாவது அச்சு என்பது. 00111 என்றிருந்தால் முதல் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00112 என்றிருந்தால் அதே இதழின் இரண்டாவது அச்சு. இந்த ஐந்து இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் 1990-களுக்குப் பிந்தைய இதழ்களில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பட்டியலில் இதற்கென்றே ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

அதே காலத்தில் தாளும் வேறுபட்டது. 1990-களின் நடுவில் மார்வெலின் எக்ஸ்-மென் குடும்ப இதழ்கள் சில, வழவழப்பான தாளில் 'டீலக்ஸ்' பதிப்பாகக் கடைகளுக்கும், மலிவுத் தாளில் குறைந்த விலையில் பத்திரிகைக் கடைகளுக்கும் போயின. 2000-களின் பிற்பகுதியில் விலை எதிர்த்திசையில் திரும்பியது. சில மார்வெல் இதழ்கள் காமிக்ஸ் கடையில் 2.99 டாலருக்கும், நியூஸ்ஸ்டாண்ட் பதிப்பாக 3.99 டாலருக்கும் வந்தன. அட்டை ஓவியம் அதுவேதான்.

மார்வெல் 2013-உடன் நியூஸ்ஸ்டாண்ட் வழியை மூடியது. டிசி 2017-இல் மூடியது. கடைசி ஆண்டுகளில் அந்தப் பிரதிகள் பெரும்பாலும் பெரிய புத்தகக் கடைச் சங்கிலிகளின் பத்திரிகைப் பிரிவில்தான் கிடைத்தன. பெயர் நியூஸ்ஸ்டாண்ட் என்றிருந்தாலும் தெருமுனைக் கடையோடு அதற்கிருந்த உறவு எப்போதோ அறுந்துவிட்டது.

விலைக் கட்டம் சொல்லும் கதைகள்

பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு விலையைப் பார்க்காமல் விட்டால் அருமையான சில பிரதிகள் கைநழுவிப் போகும். அமெரிக்க டாலருக்கும் கனடிய டாலருக்கும் இடைவெளி விரிந்தபோது, கனடாவின் பத்திரிகைக் கடைகளுக்குத் தனி விலை அச்சிட வேண்டியிருந்தது. அட்டைத் தேதிப்படி 1982 அக்டோபரில் தொடங்கி, மார்வெலில் 1986 ஆகஸ்ட் வரையும் டிசியில் 1988 செப்டம்பர் வரையும் இது நீடித்தது. டைரக்ட் பதிப்பில் எல்லா நாட்டு விலைகளையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டதால் அங்கே இந்த வேறுபாடு எழவில்லை. ஆகவே கனடிய ஒற்றை விலை இருந்தால் அது நியூஸ்ஸ்டாண்ட் பிரதிதான்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது 1977 ஜூலை தேதியிட்ட 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழ். அன்றைய வழக்கமான விலை 30 சென்ட். விலையை உயர்த்தினால் வாசகர்கள் ஏற்பார்களா என்று பார்க்க, மார்வெல் சில ஊர்களில் மட்டும் 35 சென்ட் என்று அச்சிட்டு விற்றது. அந்தச் சோதனைப் பிரதிகள் மிகக் குறைவு, விலையோ மிக அதிகம். ஆனால் அதே பெயருள்ள திரைப்படம் பெரும் வெற்றி பெற்று இதழை மறுபடியும் மறுபடியும் அச்சிட்டபோது, மறுபதிப்புகளும் 35 சென்ட் விலையிலேயே வந்தன. அவை ஏராளம், மலிவு. இரண்டையும் பிரிப்பது அட்டையின் இரண்டு மூலைகள். சோதனைப் பிரதியில் விலை சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். கீழே பார்கோடு முழுமையாக, குறுக்குக் கோடின்றி இருக்கும். விலை வைரக் கட்டத்துக்குள் இருந்தால் அது மறுபதிப்பு. பேரம் பேசவே தேவையில்லை. 'ஸ்டார் வார்ஸ் 1, 35 சென்ட்' என்று மட்டும் எழுதிய பட்டியல் இந்த இடத்தில் எதற்கும் உதவாது. கட்டத்தின் வடிவத்தையும் பெட்டியின் நிலையையும் எழுதிய பட்டியல் பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் விடை சொல்லும்.

பதிவை எழுதுவது

என் கருத்தில் பட்டியலிடுவதில் முதல் விதி, கண்ணால் கண்டதை ஒரு கட்டத்திலும் அதிலிருந்து நாம் ஊகித்ததை இன்னொரு கட்டத்திலும் எழுதுவது. 'பெட்டி: பார்கோடு, குறுக்குக் கோடு இல்லை' என்பது கண்டது. 'நியூஸ்ஸ்டாண்ட்' என்பது முடிவு. முடிவு நாளைக்குப் பிழை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்டதை எழுதாமல் விட்டிருந்தால் அலமாரியைக் குடைந்து பையைப் பிரித்து மறுபடியும் பிரதியை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது பிரதிக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

தலைப்பு: தி அமேசிங் ஸ்பைடர்-மேன். இதழ்: 252. அட்டைத் தேதி: மே 1984. விலை: 75 சென்ட் மட்டும். பெட்டி: பார்கோடு, கோடு இல்லை. உள்செருகல்: இல்லை. முடிவு: நியூஸ்ஸ்டாண்ட், கனடிய விலை.

உள்செருகல் என்ற கட்டம் எதற்கு என்று கேட்கலாம். 1970-களிலும் 1980-களின் முற்பகுதியிலும் அமெரிக்க ராணுவ முகாம்களின் கடைகளுக்குப் போன பிரதிகள் பலவற்றில், நடுவில் கெட்டி அட்டையில் அச்சிட்ட மார்க் ஜுவலர்ஸ் என்ற நகைக் கடை விளம்பரம் ஒன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அட்டையைப் பார்த்தால் தெரியாது. இதழைத் திறந்துதான் பார்க்க வேண்டும். தரமதிப்பீட்டு நிறுவனம் பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டு மூடிய பிரதியாக இருந்தால் அதைத் திறக்க முடியாது. அப்போது மதிப்பீட்டுச் சீட்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டும். அந்தச் சீட்டில் குறிப்பு ஏதும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதாதீர்கள், 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு.

ஒவ்வொரு பதிப்புக்கும் கதைச் சுருக்கம், எழுத்தாளர், ஓவியர், மை இட்டவர் என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. 1994 முதல் தன்னார்வலர்கள் கட்டியெழுப்பி வரும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் இதற்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது. ஓர் இதழுக்கு ஓர் அடிப்படைப் பதிவு. கதை, படைப்பாளிகள் பற்றிய விவரமெல்லாம் அதில். மற்ற பதிப்புகள் அதனோடு இணைந்த கிளைப் பதிவுகள். அவற்றில் அட்டைப் படம், விலை, பார்கோடு எண் போல வேறுபடுவன மட்டும். டைரக்ட், நியூஸ்ஸ்டாண்ட், கனடிய பதிப்பு என்ற பெயர் இதழ் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வரும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாலும் இந்த முறை நன்றாக நடக்கும்.

நூலகங்களில் நிலைமை வேறு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய காமிக்ஸ் தொகுப்பு உள்ள இடங்களில்கூட காமிக்ஸ் பெரும்பாலும் தொடர் வெளியீடாகவே பதிவாகும்: தலைப்பு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருப்பு என்று. கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்பதைத் தனியே குறிக்க அந்த அமைப்பில் வழி குறைவு. பல்லாயிரம் தலைப்புகளைக் கையாளும் நூலகரைக் குறை சொல்வதற்கில்லை. தனிச் சேகரிப்பாளர்கள் பொறுமையாகப் பார்த்து எழுதும் பட்டியல்களுக்கு மதிப்பு கூடுவது அதனால்தான்.

'அரிது' என்று எழுதும் முன்

விற்பனை விளம்பரங்களில் 'அரிய நியூஸ்ஸ்டாண்ட் பதிப்பு' என்ற சொற்றொடர் மலிந்துவிட்டது. எந்த ஆண்டு என்று கேட்காமல் இதற்குப் பொருளே இல்லை. டென்வர் நகரின் மைல் ஹை காமிக்ஸ் உரிமையாளர் சக் ரோசான்ஸ்கி வெளியிட்ட கணிப்பு ஒன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன்படி 1979-இல் மார்வெல் விற்பனையில் டைரக்ட் பதிப்பு ஏறக்குறைய 6 விழுக்காடு. 1980-களின் நடுவில் இரண்டும் சரிபாதி. 1990-இல் நியூஸ்ஸ்டாண்ட் 15 விழுக்காடு. அதன் பின் சுருங்கிக்கொண்டே போனது. இது ஒரு வியாபாரியின் அனுபவக் கணிப்பு. தலைப்புக்குத் தலைப்பு மாறும். எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ஆனால் போக்கு தெளிவாகவே இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு இதழில் டைரக்ட் பிரதிதான் குறைவு. 2010-ஆம் ஆண்டு இதழில் நியூஸ்ஸ்டாண்ட் பிரதி குறைவு.

அச்சான எண்ணிக்கையும் பிழைத்திருக்கும் எண்ணிக்கையும் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. காமிக்ஸ் கடையில் வாங்கியவர் பெரும்பாலும் சேகரிப்பாளர். அன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பின்னால் ஒரு அட்டையும் வைத்துவிடுவார். சுழல் ஸ்டாண்டில் இருந்த பிரதியைப் பத்துப் பிள்ளைகள் புரட்டியிருப்பார்கள், கம்பியில் ஓரம் மடங்கியிருக்கும், வாங்கியவர் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பார், வாங்காதது கூழாகியிருக்கும். 1988-ஆம் ஆண்டு 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 300-ஆவது இதழ் போன்றவற்றில், மிக நல்ல நிலையில் உள்ள நியூஸ்ஸ்டாண்ட் பிரதிக்குக் கூடுதல் விலை கேட்பது இதனால்தான்.

எண்ணிக்கையைத் தேட ஆசைப்படுபவருக்கு இதழ்களுக்குள்ளேயே ஓர் ஆவணம் இருக்கிறது. தபால் சலுகை பெறும் பத்திரிகைகள் ஆண்டுக்கு ஒரு முறை உரிமை, விற்பனை அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பழைய காமிக்ஸ் இதழ்களில், பெரும்பாலும் வாசகர் கடிதப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் அது இருக்கும்: சராசரி அச்சு எண்ணிக்கை, கடைகள் வழி விற்றது, தபால் சந்தாவில் போனது, முகவர்களிடமிருந்து திரும்பி வந்தது என்று வரிவரியாக. பலரும் கண்ணை ஓட்டாமல் புரட்டிவிடும் பக்கம் அது. அந்த அறிக்கை வந்த இதழ் எது என்பதையும் பட்டியலில் குறித்து வையுங்கள். 'திரும்பி வந்தது' என்ற அந்த ஒரு வரி, நியூஸ்ஸ்டாண்ட் வழி ஆண்டுக்கு ஆண்டு எப்படித் தேய்ந்தது என்பதைப் பதிப்பகத்தின் வாயாலேயே சொல்கிறது.

தொடங்குபவர்களுக்கு 1979 முதல் 1993 வரையுள்ள இதழ்கள் மிகவும் ஏற்றவை. அந்தக் காலத்தில் அடையாளங்கள் தெளிவு, விலையும் பெரும்பாலான இதழ்களுக்குக் குறைவு. ஏதாவது ஒரே தொடரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதியின் முழு அட்டையையும் ஒரு படமும், விலைக் கட்டத்தையும் கீழ்ப் பெட்டியையும் நெருக்கத்தில் ஒவ்வொரு படமும் எடுத்து வையுங்கள். பெட்டி சில இதழ்களில் பின்னட்டைக்குப் போயிருக்கும். அதையும் திருப்பிப் பாருங்கள். பிறகு கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸில் அந்தத் தொடரின் பக்கத்தைத் திறந்து, உங்கள் பிரதியின் பதிப்புக்கு அட்டைப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். டைரக்ட் அட்டை இருக்கும், நியூஸ்ஸ்டாண்ட் அட்டைக்கான இடம் வெறுமையாக இருக்கும் இதழ்களும் அங்கே உண்டு. பதிவு செய்துகொண்ட எவரும் படத்தை ஸ்கேன் செய்து அனுப்பலாம்; ஒரு பதிப்பாசிரியர் சரிபார்த்தபின் அது ஏற்கப்படும்.